றிசீவரோடு நடித்த பதினொரு கிழமை

வாசித்து முடித்த தாள் ஒன்று கம்பளத்தில் விழும்போது ஒரு சத்தம் வரும். கோழி இறகு விழுந்தால்கூட அதைவிடப் பலமாகக் கேட்கும். வானொலி நாடகத்தில் பக்கம் திருப்பினால் ஒலிவாங்கி அதைப் பிடித்துவிடும் என்பதால், முடிந்த தாளை விரல் இடுக்கிலிருந்து நழுவ விடுவோம். நாடகம் முடியும்போது எல்லாரும் காகிதக் குவியலுக்கு நடுவே நிற்போம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட அந்தச் சத்தந்தான் நடிப்புத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதற் பாடம்: கையில் இருப்பதை ஓசைப்படாமல் விடத் தெரிய வேண்டும்.

அந்தப் பாடத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கலியாண வீட்டில் பந்திக்கு இருக்கும்போது, "நீங்கள்தானே அந்தப் பொல்லாத மாமியார்" என்று பக்கத்து இலைக்காரி கேட்டு, வாயில் வைத்த சோறு தொண்டையில் நின்ற அனுபவம் உள்ளவர்கள் இதை வாசித்தால், என் கஷ்டம் அவர்களுக்குப் பாதி சொல்லாமலே விளங்கும்.

இரவல் சேலை

கொழும்பில் தமிழ் நாடகம் எடுத்தவர்களிடம் உடுப்பு அலுமாரி என்று ஒன்று இருந்ததில்லை. கதை கையில் வந்ததும், எந்தக் காட்சிக்கு என்ன சேலை என்று நானே குறித்துக்கொண்டு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போவேன். பணக்காரியாக நடிக்க முன்வீட்டுக் காஞ்சிபுரம். ஆசிரியையாக நடிக்க மூலைவீட்டு ரீச்சரின் நூல்சேலை. விதவை வேடத்துக்கு மட்டும் என்னுடைய சொந்த வெள்ளை. அதை யாரும் இரவல் தரமாட்டார்கள்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பத்மா அக்கா பக்கத்து வீடு. அவரிடம் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு இருந்தது. அதை உடுத்து ஓர் அழுகைக் காட்சியில் பாதி நடித்தேன். அடுத்த நாள் நகரத்தில் குண்டு வெடித்து, ஊரடங்கு வந்து, படப்பிடிப்பு நின்றது. மீதிப் பாதி எடுக்க இரண்டு மாதம் ஆகிவிட்டது. அதுவரை சேலையைத் தோய்க்கவும் கூடாது, மடிப்பைக் கலைக்கவும் கூடாது. இடையில் பத்மா அக்காவின் பெறாமகளுக்கு, அதாவது தங்கச்சியின் மகளுக்கு, கலியாணம். அவர் ஒரு பழைய பச்சைச் சேலையில் மண்டபத்துக்கு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்: "என்ர மாம்பழக் கலர் சாறி வரேல்லை. அது இன்னும் அழுது முடியேல்லையாம்."

திரைக்கு முன்னால்

எங்கள் காலத்தில் நடிகைகள் குறைவு. ஆகையால் இருந்தவர்களே எல்லா ஊருக்கும் பெண்ணாக வேண்டும். நான் யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியையாக, தேயிலைத் தோட்டத்துத் தாயாக, மட்டக்களப்பு வயற்காரியாக நடித்திருக்கிறேன். மூன்று சிங்களப் படங்களில் சிங்களத் தாய். முதற் படத்துக்குச் சிங்கள வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். மூன்றாவது படத்தில் நானே அவர்களுடைய வசனத்தில் பிழை பிடித்தேன். கர்வமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். முப்பத்தொரு வயதில் தாய் வேடத்துக்குத் தள்ளப்பட்டவளுக்குக் கொஞ்சம் கர்வமாவது மிஞ்ச வேண்டும்.

ஒரு முஸ்லிம் குடும்பத்துக் கதையில் மாமியார் பாத்திரம் வந்தபோது, கொட்டாஞ்சேனையில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியாரின் மனைவியிடம் போய்ப் பத்து நாள் இருந்து பேச்சுக் கேட்டேன். ஒரு சொல் பிசகவில்லை. ஒளிபரப்பான மறுநாள் பாராட்டு வாங்கப் போனேன். அவர் முதலில் வட்டிலப்பம் தந்தார். நான் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "பேச்செல்லாம் எங்கட பேச்சு மாதிரியே ஈந்திச்சி. ஆனா புது மருமகன் வந்தா எங்கட வீட்ல மாமி திரைக்குப் பொறத்தால நிண்டுதான் பேசுவாங்க. நீங்க முன்னுக்கு வந்து டீயும் குடுத்துட்டீங்களே."

மகன் கிடைத்த நாள்

போர் நன்றாக முற்றியிருந்த தொண்ணூறுகளின் நடுவில், தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை போகும் தமிழ்த் தொடர் ஒன்றில் தாயாக நடித்தேன். இயக்குநர் பெயர் நாயகம். என்னை அக்கா என்பார். ஆனால் தம்பி மாதிரி ஒரு நாளும் சொற்கேட்டதில்லை. ஒருகொடவத்தையில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் மூன்று பலகைச் சுவர் நிறுத்தி எங்கள் வீட்டைக் கட்டியிருந்தார்கள். வெளியே கொள்கலன் லொறி ஹோன் அடித்தால் உள்ளே சாவு வீட்டுக் காட்சியிலும் 'கட்' விழும்.

மகனாக நடிக்க வந்தவன் யோகன். இருபத்தேழு வயது. வவுனியாவிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். அந்த லொட்ஜில் இருந்த எல்லாரும் வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்காரனின் செய்திக்குக் காத்திருந்தார்கள். இவன் மட்டும் நடிக்க வந்ததாகச் சொன்னான். அதை நாயகம் நம்பவில்லை, லொட்ஜ்காரரும் நம்பவில்லை. நான் நம்பினேன். ஏனென்றால் அவனுக்குக் கேட்கத் தெரியும். பெரும்பாலான நடிகர்கள் தங்கள் முறை வரும்வரை மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவன் உண்மையாகவே கேட்டான். முதல் நாள், வேலைக்குப் போகாத மகனை நான் ஏசும் காட்சி. எடுத்து முடிந்த பின்னும் அவன் முகம் கறுத்தே இருந்தது. தேத்தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீங்கள் ஏசினதில பாதி என்ர அம்மா சொன்னது. அவவை எங்க கண்டனீங்கள்?"

மாலை

தொடரின் ஒன்பதாவது கிழமையில் யோகனைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். லொட்ஜைச் சுற்றிவளைத்து, கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் காட்ட முடியாதவர்களை ஏற்றினார்களாம். பலரை மறுநாள் விட்டார்கள். யோகனை விடவில்லை. நான் வெள்ளவத்தையில் ஒரு வயதான லோயரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒரு கடிதம்: இவருக்கு இங்கே தொடர்ந்து வேலை இருக்கிறது, இவருடைய பாத்திரம் தொடரில் நடந்துகொண்டிருக்கிறது என்று இயக்குநர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அன்றே நாயகத்திடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் படப்பிடிப்புக்குப் போனால், எங்கள் பலகைச் சுவரில் யோகனின் படம் பெருப்பித்துச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பக்கத்தில் குத்துவிளக்கு. ஒரு தட்டில் மல்லிகை மாலை. மகன் விபத்தில் இறந்துவிட்டான், நான் மாலை போட்டு அழ வேண்டும் என்று இரவோடு இரவாகக் கதையை மாற்றியிருந்தார்கள்.

உங்களில் நடித்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியும். உயிரோடு இருக்கும் நடிகனின் படத்துக்கு மாலை போட்டு எடுத்தால், அவன் அன்று அங்கேயே நிற்க வேண்டும். எடுத்து முடிந்ததும் தன் கையாலேயே மாலையைக் கழற்றி, ஒரு தேங்காயை உடைத்து, கமராவைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். படித்தவர்களும் அதை மீறியதில்லை. தமிழிலே பட்டம் பெற்றவள் என்று சொல்லித் திரிகிற நானும் மீறியதில்லை. கழற்றுவதற்கு ஆள் இல்லாத மாலையை நான் எப்படிப் போடுவேன்? போடமாட்டேன் என்றேன். நாயகம் இது வெறும் கதை என்றார், பார்க்கிறவர்கள் மகன் எங்கே என்று கேட்பார்கள் என்றார், கடைசியாக, தாய் வேடத்துக்கு வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்றார்.

அப்போதுதான் நான் சகுனத்தை விட்டுக் கடிதத்தைப் பிடித்தேன். "நாயகம், நீர் முந்தநாள் கையெழுத்து வைச்ச கடிதத்தில இவன் இருக்கிறான். வாற கிழமை ரீவியில இவன் இல்லையெண்டால், அவங்கள் எதை நம்புவாங்கள்?" நான் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கைப்பைக்குப் பக்கத்தில் முகம் கவிழ வைத்தேன். மகன் கண்டியில் வேலைக்குப் போயிருக்கட்டும், ஒவ்வொரு கிழமையும் எனக்கு ரெலிபோன் எடுக்கட்டும், மறுமுனையின் குரல் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நாயகம் மாலைத் தட்டை எடுத்து அப்பால் வைத்தார். பிறகு சொன்னார்: "சரி அக்கா. ஒரு ரெலிபோன் கொண்டுவந்து தாறன். ஆள் இல்லாத வயரோட எத்தினை கிழமை இழுப்பியள் எண்டு பாப்பம்."

மறுமுனை

பதினொரு கிழமை இழுத்தேன்.

நாயகம் தந்தது கறுப்பு நிற, எண் சுழற்றும் பழைய ரெலிபோன். வயர் மேசைக்குப் பின்னால் போய் அந்தரத்தில் முடியும். வெறுமனே 'ஓம்', 'சரி', 'பிறகு?' என்று சொல்லிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்களுக்கு இரண்டாம் கிழமையே தெரிந்துவிடும். அதனால் ஒரு கொப்பி வாங்கி, மகன் பேசுவதை முழுவதுமாக நானே எழுதினேன். அவன் அறைத் தோழனின் குறட்டை, கண்டியின் மழை, மேலாளரின் கோபம், தலையிடி. அதை எழுதி, மனதுக்குள் யோகனின் குரலில் ஓடவிட்டு, அவன் முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொன்னேன். சிரிப்பு வரும் இடத்தில் அவன் சொல்லி அரைச் செக்கன் கழித்துத்தான் சிரிப்பேன். அந்தக் காலத்துக் கண்டி லைனில் குரல் அப்படித்தான் வந்து சேரும்.

இளம் வயதில் நான் கவிதை எழுதியவள். சொல்லாத இடத்தில்தான் கவிதை இருக்கிறது என்று வகுப்பில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது. ஆனால் படத்தொகுப்பாளருக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "அக்கா, இதில ஏழு செக்கன் சும்மா கிடக்குது. வெட்டட்டோ?" அது அவன் பேசும் நேரம் என்றேன். அவர் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். "ஓம், இவன் நிறையக் கதைக்கிறான்தான்," என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுக்கவில்லை.

பஸ் தரிப்பில் ஒரு தீர்ப்பு

மூன்றாவது ரெலிபோன் காட்சி போன மறுநாள், லோயரைப் பார்க்கப் போவதற்காகக் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். அந்தக் காட்சியைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை. அதில் மகனிடம் மழையைப் பற்றி நான் பேசிய நாலு வசனமும் என் சொந்த வசனம், தாளம் பிசகாதவை. பக்கத்தில் கீரைக் கட்டோடு ஓர் அம்மா என்னையே பார்த்தபடி நின்றார். நான் முகத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தேன், பாராட்டை வாங்கிக்கொள்ள வசதியாக.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது அவருக்குத் தெரிய நியாயமில்லை. இருந்தாலும் அவர் சரியாக அந்த இடத்தில்தான் கையை வைத்தார்: "மூண்டு கிழமையாப் பாக்கிறன். மழை பெய்யுதோ, குளிருதோ எல்லாம் கேக்கிறீர். சாப்பிட்டியோ எண்டு ஒருக்கால்கூடக் கேக்கேல்லை. நீர் என்ன தாய்?"

மொழிபெயர்ப்பு

யோகனைப் பிடித்துப்போன எட்டாவது கிழமையில் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. கடிதத்தை உறுதிப்படுத்த வேண்டுமாம். தொடரின் கடைசி ஒளிநாடாவையும் கொண்டுவரச் சொன்னார்கள். பத்மா அக்கா தன்னுடைய கடும் நீலச் சேலையைத் தந்து, அழுதால் இதில் கறை தெரியாது என்று சொல்லி அனுப்பினார். நான் அழவில்லை. நாங்கள் மகனைச் சாகவிட்டிருந்தால் இந்த நாடாவில் என்ன இருந்திருக்கும் என்ற ஒரே நினைவுதான் வழி முழுக்க.

இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். வேலை செய்கிற நடிகன் எட்டுக் கிழமை இல்லாமல் தொடர் எப்படி ஓடும் என்று சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. நாடாவைப் போட்டுக் காட்டுகிறேன், நானே சிங்களத்தில் சொல்கிறேன் என்றேன். சம்பந்தப்பட்டவர் மொழிபெயர்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். மூவரும் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தோம். திரையில் நான் ரெலிபோனை எடுத்தேன். நான் பேசப் பேச, கான்ஸ்டபிள் வசனம் வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தாய் கேட்கிறா, சாப்பிட்டாயா என்று. தாய் கேட்கிறா, இருமல் சுகமா என்று.

பிறகு திரையில் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இடம் வந்தது. கான்ஸ்டபிளும் நிறுத்தினார். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. திரையில் என் முகம் முதலில் மலர்ந்து, பிறகு கொஞ்சம் வாடி, மெல்லத் தலையாட்டியது. இன்ஸ்பெக்டர் முன்னுக்குச் சாய்ந்தார். கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். சம்பந்தப்பட்டவர் மொழிபெயர்க்கக் கூடாது என்ற தன் விதியை மறந்து, இன்ஸ்பெக்டரும் என் பக்கம் திரும்பினார். ஐம்பது வருடத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், பட்டயம் தந்திருக்கிறார்கள். அவர் சிங்களத்தில் கேட்ட அந்த ஒரு கேள்வியை அவற்றுக்கெல்லாம் மேலே வைத்திருக்கிறேன்: "இப்போது மகன் என்ன சொன்னார்?"

கொப்பி

யோகன் விடுதலையானது அதற்கும் மூன்று கிழமை கழித்து. என் நடிப்பால்தான் என்று சொல்லமாட்டேன். வெயிலிலும் மழையிலும் படியேறிய அந்த வயதான லோயரின் கால்களுக்குத்தான் முதல் நன்றி. ஆனால் கடிதத்தில் எழுதியிருந்ததும் தொலைக்காட்சியில் போனதும் ஒத்திருந்ததாகக் கோப்பில் அவனுக்குச் சாதகமாக எழுதப்பட்டிருந்தது என்று அவரே சொன்னார். அந்த வரிக்கு நான் சொந்தம் கொண்டாடுகிறேன்.

பன்னிரண்டாவது கிழமை அவன் ஒருகொடவத்தைக்கு வந்தான். சட்டை தோளில் நிற்கவில்லை. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நாயகம் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். மாலை வாங்கிவந்த அதே மனிதர்தான். யாரையும் ஒரே வேடத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. மகன் வீடு திரும்பும் காட்சியை அன்றே எடுக்கலாமா என்று நான் கேட்டபோது, யோகன் தயங்கினான். உள்ளே என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவனுக்கு வேறு ஒரு கவலை. பதினொரு கிழமையும் தான் தாயிடம் என்ன பேசினான் என்று தெரியாமல் எப்படி வாசலுக்குள் நுழைவது?

நான் கொப்பியைக் கொடுத்தேன். ஒரு பலகைச் சுவருக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து அவன் முழுவதையும் வாசித்தான். அறைத் தோழனின் குறட்டைக்குச் சிரித்தான். சில பக்கங்களில் நெடுநேரம் நின்றான். கடைசிப் பக்கம் முடிந்ததும் கொப்பியை மூடி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். அப்போது அவன் சொன்னதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை: "நான் உள்ளுக்க இருக்கேக்க, என்னைக் கண்டியில நல்லா வைச்சிருந்திருக்கிறியள் அக்கா."

பதினொரு கிழமை நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அந்த வேடத்தை அவன் நாலே கிழமை நடித்துவிட்டு நோர்வேக்குப் போனான். இப்போது அங்கே ஒரு மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், மூன்று பிள்ளைகள், நாடகம் பார்க்க நேரமில்லை என்கிறான்.